கிணறு முன்பே இருந்தது

வடக்கு நைஜீரியாவின் கானோ நகரில் போய் இறங்கிய முதல் வாரம். காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையாக ஒரு 500 நைரா நோட்டு வந்தது. நோட்டின் ஓரத்தில் அரபு எழுத்தில் ஒரு வரி. சின்ன வயதிலிருந்து ஓதிப் பழகிய கண் என்பதால் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். பொருள்தான் பிடிபடவில்லை. "நைரா தாரி பியார்." அரபில் இப்படி ஒன்று கிடையாதே என்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் சிரித்தார். "அது அரபு இல்லை, மாலம். ஹவுசா. ஐந்நூறு நைரா என்று எழுதியிருக்கிறது."

எனக்கு உடனே உம்மும்மாவின் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் காயல்பட்டினம். உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அரபுத்தமிழில் அச்சான, இறைநேசர்களைப் புகழும் மாலைப் பாடல்களை நாள் முழுக்கப் படிப்பார். எழுத்து அரபு, பேச்சு தமிழ். அதே வேலையை மேற்கு ஆப்பிரிக்காவில், சகாராவுக்குத் தெற்கே ஒரு சனம் செய்து வைத்திருக்கிறது, அதற்கு அஜமி என்று பெயரும் வைத்திருக்கிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. யார் இவர்கள், எங்கிருந்து வந்தவர்கள் என்று கேட்கத் தொடங்கியது அந்தக் கடை வாசலில்தான்.

நான் போனது தோல் வேலைக்கு. சென்னை பெரியமேட்டில் ஆட்டுத்தோல் தரம் பிரித்துப் பழகியவன். கானோவில் ஒரு டேனரியில் அதே வேலை, நான்கு வருடம். வடக்கு நைஜீரியாவின் செவ்வாட்டுத் தோலைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அது வேறு ரகம். தோலை மேசையில் விரித்துக் கட்டை விரலால் மேற்பரப்பை ஒரு தள்ளு தள்ளினால் மணி மணியாக எழுந்து அப்படியே அடங்கும். ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாக 'மொராக்கோ தோல்' என்று சொல்லிப் புத்தகங்களுக்கு அட்டை கட்டினார்களே, அதில் பெரும்பங்கு மொராக்கோவில் பதனிட்டதே இல்லை. கானோவிலும் கட்சினாவிலும் சொகோட்டோவிலும் பதனிட்டு, ஒட்டகத்தின் மேல் சகாராவைக் கடந்து, வடக்குக் கரையில் கப்பல் ஏறியது. விற்ற இடத்தின் பெயர் நிலைத்தது, செய்த இடத்தின் பெயர் போய்விட்டது. ஹவுசாக்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க இந்தத் தோல் விஷயம் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வரும்.

டேனரி வாசலில் காவலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். நைஜர் நாட்டின் ஸிண்டர் பக்கத்துக்காரர். எல்லாரும் அவரை 'பாபா' என்போம். ஹவுசாவில் பாபா என்றால் அப்பா. இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது ஒரு பாயைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்வார். பக்கத்தில் வானொலி ஓடிக்கொண்டிருக்கும். பிபிசி 1957 முதல் ஹவுசாவில் ஒலிபரப்புகிறது, அந்தச் செய்தி நேரத்தில் மட்டும் பாபாவிடம் யாரும் பேசக் கூடாது. முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது, "கனா ஜின் ஹவுசா?"

உனக்கு ஹவுசா தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆனால் அந்த 'ஜி' என்ற சொல்லுக்குக் கேட்பது, உணர்வது என்று பொருள். பசி எடுத்தாலும் ஜி, மணம் வந்தாலும் ஜி, நாவில் ருசி தட்டினாலும் ஜி. கண்ணால் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாப் புலனுக்கும் அந்த ஒரே சொல்தான். மொழி தெரிவதை அவர்கள் மொழியை உணர்வதாகச் சொல்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவர்களுடைய ஆதிக் கதையைக் கேட்க வேண்டும்.

கதை இப்படி. பாக்தாத்திலிருந்து ஓர் இளவரசன், தகப்பனோடு பிணக்குப்பட்டு மேற்கே வருகிறான். சாட் ஏரிப் பக்கத்துப் போர்னோ நாட்டு அரசனிடம் தங்கி, அவன் மகளை மணக்கிறான். அங்கே உயிருக்கு ஆபத்து என்று தெரிந்ததும் கிளம்புகிறான். வழியில் மனைவிக்கு பிராம் என்ற மகன் பிறக்கிறான். கயா என்ற ஊரில் கொல்லர்களிடம் ஒரு கத்தி அடித்து வாங்குகிறான். இருட்டின நேரத்தில் டவுரா வந்து சேர்ந்து, அயானா என்ற கிழவியின் வீட்டில் தண்ணீர் கேட்கிறான். "கிணற்றில் பாம்பு இருக்கிறது தம்பி. வெள்ளிக்கிழமை மட்டும்தான் இறைக்க விடும்" என்கிறாள் கிழவி. அவன் வாளியை வாங்கிக்கொண்டு குசுகு கிணற்றுக்குப் போகிறான். வாளியோடு சேர்ந்து பாம்பும் மேலே வர, கயா கத்தியால் தலையைச் சீவிப் பையில் போட்டுக்கொள்கிறான். குதிரைக்கும் தண்ணீர் காட்டி, கிழவிக்கும் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுகிறான்.

விடிந்ததும் ஊரே கிணற்றடியில். கொன்றவனுக்குப் பாதி ஊர் என்று அரசி டவுராமா அறிவிக்க, ஆளாளுக்கு ஒரு பாம்புத் தலையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எதுவும் உடலோடு பொருந்தவில்லை. கிழவி வந்து சொல்ல, அவன் பையைத் திறக்கிறான். பாதி ஊர் வேண்டாம், அரசியை மணக்கிறேன் என்கிறான். அரசிக்கும் அவனுக்கும் பிறந்தவன் பாவோ. பாவோவின் ஆறு பிள்ளைகளும் போர்னோ அரசகுமாரியின் மகன் பிராமும் சேர்ந்து ஏழு. ஹவுசா பக்வாய், ஏழு ஹவுசா நகரங்கள்: டவுரா, கானோ, கட்சினா, ஸாரியா, கோபிர், ரானோ, பிராம்.

கிணற்றில் இருந்த பாம்பின் பெயர் சர்க்கி. ஹவுசாவில் சர்க்கி என்றால் அரசன். கொன்றவனை 'மகாஸ் சர்க்கி', சர்க்கியைக் கொன்றவன், என்றார்கள்.

அந்த இளவரசனுக்கு வழங்கும் பெயர் பாயாஜிடா. பாபா இந்த இடத்தில் நிறுத்தி, விரலை மடக்கிப் பெயரைப் பிரித்துக் காட்டினார். "பா, யா, ஜி, டா." முன்பு அவன் கேட்டறியாதவன். அதாவது, முன்பு நம் மொழி தெரியாதவன். இது மக்கள் வாயில் வழங்கும் சொல்விளக்கம்; மொழியியலார் இதை அப்படியே ஏற்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். தங்கள் குலமுதல்வனை வீரன் என்றோ பேரழகன் என்றோ வணங்கத்தக்கவன் என்றோ பெயரிட்டு அழைக்கவில்லை ஒரு சனம். மொழி தெரியாமல் வந்தவன் என்று பெயர் சொல்கிறது. வந்தான், தெரிந்துகொண்டான், நம்மவன் ஆனான்.

நான் ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு பழக்கமும் இந்தக் கதையில் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும், வீடு பெண்ணுக்கு. பாயாஜிடா செய்ததும் அதைத்தானே. வீடும் ஊரும் கிணறும் டவுராமாவுடையவை. இவன் குதிரையோடு வந்து குடியேறிய மாப்பிள்ளை. இதைச் சொன்னதும் பாபா வெகுநேரம் சிரித்தார்.

அப்படியே எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையும் நினைவுக்கு வராமல் இல்லை. எகிப்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய முன்னோர்கள். அதில் உண்மையும் உண்டு, கடல் வணிகம் செய்தவர்கள் வந்துதான் இருப்பார்கள். ஆனால் வந்தவர்களை யார் வரவேற்றார்கள், யார் சோறு போட்டார்கள், எந்த வீட்டில் தங்கினார்கள், யாரை மணந்தார்கள்? கதை கப்பலோடு தொடங்குவதால் கரை மறைந்துபோகிறது. பாக்தாத் கதையிலும் அப்படித்தான்.

கரையில் யார் இருந்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில் மொழி. ஹவுசா, ஆப்பிரோ-ஆசிய மொழிக்குடும்பத்தில் சாடிக் கிளையைச் சேர்ந்தது. அரபும் எபிரேயமும் பெர்பரும் பழைய எகிப்திய மொழியும் அதற்கு ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவுகள். ஆனால் அந்த உறவு பாக்தாத் என்ற ஊர் கட்டப்படுவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே பிரிந்துபோனது. சாடிக் மொழிகள் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. பெயருக்கேற்பச் சாட் ஏரியைச் சுற்றி, பவுச்சி மேட்டிலும் ஜோஸ் பீடபூமி ஓரத்திலும், சில ஆயிரம் பேர் பேசும் சிறு சிறு மொழிகளாக நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றில் ஹவுசா ஒன்று மட்டும் மேற்கே வெகுதூரம் விரிந்திருக்கிறது. மொழிகள் நெருங்கிக் கிடக்கும் பக்கம்தான் பழைய வீடு, ஒரே மொழி அகலமாகப் படர்ந்த பக்கம் பிற்பாடு போன இடம் என்று மொழியியலார் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்குப்படி ஹவுசா கிழக்கிலிருந்து மேற்கே போயிருக்கிறது. அரேபியாவிலிருந்து ஒரு குதிரை ஓடி வந்த பாதை இது இல்லை. காட்டைத் திருத்தி, கம்பும் சோளமும் விதைத்து, மண் சலித்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்து, தலைமுறை தலைமுறையாக நடந்தது.

அடுத்து இரும்பு. கானோ நகரத்துக்குள் டாலா என்று ஒரு குன்று இருக்கிறது. அந்த மண்ணில் இரும்புக்கல் கிடைத்தது. கயா ஊர்க் கொல்லன் ஒருவன் அந்தக் கல்லைத் தேடி வந்தான், அவன் பெயர்தான் கானோ, ஊருக்கும் அதுவே பெயரானது என்று ஒரு மரபு. பாயாஜிடாவுக்குக் கத்தி அடித்துக் கொடுத்ததும் கயாக் கொல்லர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். பாம்பைக் கொன்ற கை வெளியூர்க்காரனுடையது, இரும்பு உள்ளூர். கானோவின் அரசர் வரலாறு அரபு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. அது கானோவின் முதல் அரசன் பகவுடாவின் ஆட்சியை 999இல் தொடங்குகிறது. அதே வரலாறு, அவன் வருவதற்கு முன்னே டாலா குன்றின்மேல் பார்புஷே என்ற பூசாரி இருந்ததையும், சும்புர்புரா என்ற தெய்வத்துக்கு அங்கே பலி நடந்ததையும் சொல்கிறது. ஓர் ஆள் படையோடு வருவான், நம்மை ஆள்வான் என்று பார்புஷே முன்கூட்டியே சொன்னானாம். வென்றவர்கள் எழுதிய வரலாற்றில் தோற்றவர்களின் தெய்வம் பெயரோடு நிற்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

டவுராவிலும் அப்படியே. டவுராமா முதல் அரசி இல்லை. குஃபுரு, கினோ, யகுமோ என்று அவளுக்கு முன்னே அரசிகளின் வரிசை ஒன்றை ஊர் மரபு சொல்கிறது. பாயாஜிடா வந்த பிறகு வரிசையில் ஆண்கள். பாம்பு கிணற்றைக் காத்து, வாரம் ஒருநாள் தண்ணீர் விட்டதும் ஒரு வழிபாட்டின் மிச்சம்தான் என்று நான் நம்புகிறேன். 'அரசன்' என்று பெயர் கொண்ட பாம்பை வெட்டியது ஓர் ஆட்சி போய் இன்னொன்று வந்ததன் கதை வடிவம். வெள்ளிக்கிழமை என்பது பின்னால் யாரோ ஒரு நல்ல முஸ்லிம் சேர்த்துக்கொண்டதாக இருக்கும்.

பிறகு ஏன் பாக்தாத்? அக்கம்பக்கத்து அரசர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். போர்னோ அரசமரபு ஏமன் நாட்டு சைஃபை மூதாதை என்றது. யொரூபா மரபு ஒன்று மக்காவிலிருந்து வந்தோம் என்கிறது. இஸ்லாம் வந்த பிறகு, கௌரவமான மூதாதை கிழக்கிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கதையை வைத்து ஒருவரை இறக்கவும் முடியும். பின்னாளில் சொகோட்டோ சுல்தான் ஆன முகம்மது பெல்லோ 1812இல் எழுதியபோது, பாவோ போர்னோ அரசனின் அடிமை, ஹவுசா அரசர்களில் கோபிர் தவிர மற்றவர்கள் அவன் வழி என்று எழுதினார். அப்போதுதான் ஹவுசா அரசர்களைத் தோற்கடித்து ஆட்சியைக் கைப்பற்றியிருந்தது அவர் குடும்பம். ஒரே பாவோ, ஒரு வாயில் அரசியின் மகன், இன்னொரு வாயில் அடிமை.

போர்னோவின் கடன் வேறு விதத்தில் உண்மை. சந்தைக்கு ஹவுசாவில் 'கசுவா'. மதில் சூழ்ந்த நகருக்கு 'பிர்னி'. படிப்புக்கு 'கராட்டு', எழுத்துக்கு 'ருபூட்டு'. நான்கும் போர்னோவின் கனூரி மொழி வழியாக வந்தவை. சந்தை, நகரம், படிப்பு, எழுத்து. இந்த நான்கு சொல்லை ஒரு மொழி பக்கத்து வீட்டில் வாங்கியிருக்கிறது என்றால், எவ்வளவு நெருங்கிய உறவு இருந்திருக்க வேண்டும்! பாயாஜிடா போர்னோ வழியாக டவுராவுக்கு வந்தான் என்று கதை சொல்வதில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. அரபுச் சொற்களும் ஏராளம். நலமா என்றால் 'லாஃபியா' என்பார்கள். எங்கள் வீடுகளில் சொல்லும் 'ஆஃபியத்' அது. புத்தகம் 'லித்தாஃபி', செய்தி 'லாபாரி'. கித்தாபும் அக்பாரும்தான் இப்படி உருமாறி நிற்கின்றன.

ஒரு விடுமுறையில் டவுராவுக்கே போனேன். கானோவிலிருந்து வடக்கே சுமார் இரண்டு மணி நேரம். மரங்கள் குறைந்துகொண்டே போய், சாலை ஓரத்தில் மணல் ஏறத் தொடங்கும். நைஜர் எல்லை கூப்பிடு தூரம். குசுகு கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி வைத்திருக்கிறார்கள். நான் பெரிதாக ஏதோ எதிர்பார்த்துப் போனேன். சாதாரணக் கிணறு. உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு, ஆழத்தில் ஒரு வட்டம் வெளிச்சம். காவலுக்கிருந்தவர் வாளியை இறக்கினார். கயிறு விளிம்பில் உரசி உரசி வந்தது. முதல் வாய் எனக்கு, அடுத்தது டிரைவருக்கு. கொஞ்சம் உப்புத் தட்டியது, நல்ல குளிர்ச்சி. அரண்மனையில் மூத்த அரசகுலப் பெண்ணுக்கு இன்றும் 'மகாஜியா' என்ற பட்டம் உண்டு என்று அவர் சொன்னார். டவுராமாவின் நாற்காலியில் ஒரு கால் இன்னும் ஒடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தங்களை எல்லாருமாகச் சேர்ந்து 'ஹவுசாவா' என்று அழைத்துக்கொள்வதுகூட அவ்வளவு பழையதில்லை. கானோக்காரன் கனாவா, கட்சினாக்காரன் கட்சினாவா, கோபிர்க்காரன் கோபிராவா. ஊர்ப் பெயர்தான் ஆளின் பெயர். ஏழு நகரமும் ஒன்றோடொன்று ஓயாமல் சண்டை போட்டவை. மரபு அவற்றுக்கு வேலையும் பிரித்துக் கொடுத்திருக்கிறது: கானோவும் ரானோவும் துணிக்கு, கட்சினாவும் டவுராவும் வணிகத்துக்கு, கோபிர் போருக்கு, ஸாரியா அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க. இந்தக் கடைசி வேலையை மரபு ஒளிக்கவில்லை, நாமும் ஒளிக்க வேண்டியதில்லை. அந்த நகரங்களின் வளத்தில் அடிமை உழைப்பு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது இன்னும் பெருகியது. பிடித்துக் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் ஹவுசா பேசினார்கள், ஹவுசா ஆனார்கள். ஒரு சனம் பெருகுவதற்கு இதுவும் ஒரு வழியாக இருந்தது என்பது கசப்பு.

துணி என்றதும் கோஃபார் மாட்டா சாயக்குழிகளைச் சொல்லாமல் போக மனமில்லை. கானோவின் பழைய மதில் வாசல்களில் ஒன்றின் அருகே, தரையில் வட்ட வட்டமாகக் குழிகள். 1498 என்று முகப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். மன்னர் முகம்மது ரும்ஃபாவின் கடைசிக் காலம் அது. குர்மி சந்தையும் இன்றைய அமீரின் அரண்மனையும் அவர் ஏற்படுத்தியவை. குழியில் அவுரியும் சாம்பலும் தண்ணீரும் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். மாட்டுத் தொழுவமும் பழைய வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாடை. சாயக்காரர் குழியோரம் குந்தி உட்கார்ந்து, துணியை முக்குவார், தூக்குவார், காற்றில் உதறுவார், மறுபடி முக்குவார். வெளியே எடுத்த கணத்தில் துணி பச்சையாக இருக்கும். கண்ணெதிரே நீலமாகும். மணிக்கணக்கில் முக்கினால் கருநீலம். பிறகு பக்கத்துக் கொட்டகையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, மரத்துண்டின்மேல் துணியை மடித்து வைத்துக் கட்டையால் அடிப்பார்கள், ஒரே தாளத்தில். இஸ்திரி இல்லாமலே துணி உலோகம் போல மின்னும். சகாராப் பாலைவனத்துத் துவாரெக் ஆண்கள் தலையில் சுற்றும் நீலத் துணி இங்கிருந்துதான் போனது. 1851இல் கானோவுக்கு வந்த ஜெர்மானியப் பயணி ஹைன்ரிக் பார்த், ஊரில் முப்பதாயிரம் பேர், வணிகக் காலத்தில் அது அறுபதாயிரம் என்று மதிப்பிட்டார். பாதி ஊர் வழிப்போக்கர்கள்!

அந்த வழிப்போக்கில்தான் ஹவுசா பரவியது. துணியும் தோலும் ஒரு பக்கம் போக, கோரோ இன்னொரு பக்கம் வரும். கோரோ என்பது கோலாக் கொட்டை. ஹவுசா நாட்டில் விளையாது. தெற்கே, இன்றைய கானாவின் அசாந்தே காடுகளில் விளையும். ஆனால் பிள்ளைக்குப் பெயர் வைத்தால் கோரோ, நிச்சயத்துக்குக் கோரோ, வீட்டுக்கு ஆள் வந்தால் கோரோ. நமக்கு வெற்றிலை பாக்கு எப்படியோ அப்படி. கானோ வரலாறு, ஸாரியாவின் அரசி அமினாவுக்கு நூப்பே அரசன் பத்தாயிரம் கோரோ கப்பம் அனுப்பியதாக எழுதுகிறது. இந்தக் கொட்டைக்காகக் கழுதைகளை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடந்தார்கள். இப்படிப் போகும் வணிகக் கூட்டம்தான் சாத்து; அதன் தலைவனுக்கு 'மடுகு' என்று பெயர். கொட்டையை ஈர இலையில் சுற்றி, வழியில் பிரித்துப் பிரித்து மாற்றிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்து சருகாகிவிடும்.

சாத்து தங்கும் இடம் 'ஸாங்கோ'. கானாவில் இன்று எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் 'ஸோங்கோ' என்று ஒரு பேட்டை இருக்கும், அந்தச் சொல்தான். தங்க இடம் கொடுத்து, சரக்கைப் பாதுகாத்து, வாங்குபவனிடம் பேசி முடித்துத் தருபவர் 'மைகிடா', வீட்டுக்காரர். அங்கே தங்கிய எல்லாரும் ஹவுசாவா என்றால் இல்லை. மோஸ்ஸி, ஸபர்மா, யொரூபா, கனூரி எல்லாரும் உண்டு. ஆனால் பேட்டையின் பேச்சு ஹவுசா, தொழுகை ஒன்று, சாப்பாடு ஒன்று. இரண்டு தலைமுறையில் பிள்ளைகளுக்கு வேறு மொழி இருந்த ஞாபகமே இருக்காது. ஆங்கிலேயர் லாகோஸிலும், அன்று பொன்கரை என்று அழைத்த கானாவிலும் 'ஹவுசா படை' என்று திரட்டியபோது, அதில் சேர்ந்தவர்களில் பலர் தப்பி வந்த அடிமைகள். படையில் சேர்ந்தே ஹவுசா ஆனவர்களும் உண்டு.

இதில் பெரிய அதிசயம் 1804இல் தொடங்கியது. உஸ்மான் டான் ஃபோடியோ, ஃபுலானி இனத்து அறிஞர், கோபிர் அரசனுக்கு எதிராக எழுந்தார். 1808இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா விழுந்தது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா ஹவுசா நகரங்களிலும் ஃபுலானி அமீர்கள். தோற்ற மரபினர் சும்மா இருக்கவில்லை. கட்சினா அரசகுலம் வடக்கே மரடிக்குப் போனது. ஸாரியாவின் பழைய அரசகுலம் தெற்கே நகர்ந்தது; அந்தக் குலத்து அபு ஜா 1828இல் ஓர் ஊரைக் கட்டினார். அவர் பெயரே ஊருக்கு: அபுஜா. நைஜீரியா புதிய தலைநகருக்கு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டபோது பழைய ஊர் சுலேஜா ஆனது. தோற்று ஓடிய ஓர் ஹவுசா அரசனின் பெயரில் இன்று ஒரு நாடு ஆளப்படுகிறது.

வென்ற ஃபுலானிகள் என்ன ஆனார்கள்? அரண்மனையில் உட்கார்ந்ததும் ஹவுசா பேசத் தொடங்கினார்கள். டான் ஃபோடியோவின் மகள் நானா அஸ்மாவு அரபிலும் ஃபுலானிகளின் மொழியான ஃபுல்ஃபுல்டேயிலும் ஹவுசாவிலும் கவிதை எழுதினார். கிராமத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பெண் ஆசிரியைகளைப் பழக்கி அனுப்பினார். அவருடைய ஹவுசாப் பாடல்கள் அஜமி எழுத்தில் இருப்பவை. படிக்கும்போதெல்லாம் உம்மும்மாவின் மாலைப் புத்தகங்கள் கண்ணில் வரும். பாயாஜிடாவுக்கு நடந்ததுதான் ஃபுலானிகளுக்கும் நடந்தது. குதிரையில் வந்தார்கள், மொழிக்குள் போய்விட்டார்கள்.

அதே போர்களில் பிடிபட்டவர்கள் கடல் தாண்டியும் விற்கப்பட்டார்கள். பிரேசிலின் பாஹியாவில் 1807இலிருந்து 1814 வரை நடந்த கலகங்களில் ஹவுசாக்கள் முன்னே நின்றார்கள். கிழக்கே, மக்காவுக்கு நடந்தே போனவர்கள் வழியில் கூலி வேலை செய்து சூடானிலேயே தங்கினார்கள். 1903இல் ஆங்கிலேயர் சொகோட்டோவைப் பிடித்து, சுல்தான் அத்தாஹிரு பர்மி போரில் இறந்த பிறகு, அவருடைய மகன் மாய் வுர்னோ தப்பியவர்களோடு நீல நைல் கரைக்குப் போனார். அங்கே அவர் பெயரில் ஊர் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் 2022 ஜூலையில் நீல நைல் மாநிலத்தில் நிலத்தை வைத்துச் சண்டை மூண்டு, நூறு பேருக்கு மேல் இறந்தபோது, சூடான் ஹவுசாக்கள் தெருவுக்கு வந்து நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. வந்தவர்களை எல்லாம் உள்ளே சேர்த்துக்கொண்ட ஒரு சனம், தான் போன இடத்தில் வந்தேறி என்று கேட்க நேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இன்று ஹவுசாவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஐந்து கோடிக்கும் மேல். நைஜர் நாட்டில் பாதிக்கு மேல் அவர்கள்தான். நடுவே ஓடும் எல்லைக்கோடு பிரிட்டனும் பிரான்சும் போட்டது.

இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு ராத்திரி பாபாவிடம் கேட்டேன்: "பாபா, நீங்கள் ஏழு நகரத்தில் எது வழி?" அவர் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். "நான் எதிலும் இல்லை. என் தாத்தா பூசு." பூசு என்றால் துவாரெக்குகளிடம் அடிமைகளாக இருந்து, அவர்கள் மொழி பேசி வாழ்ந்தவர்களின் வழி. பஞ்ச காலத்தில் ஆட்டோடு தெற்கே வந்தவராம் தாத்தா. "அவருக்குத் தமஷெக்தான் வரும். ஹவுசா சரியாக வராது. என் அப்பாவுக்கு இரண்டும் வந்தது. எனக்கு இது மட்டும்." அவ்வளவு நாளும் பாயாஜிடாவின் கதையைத் தன் பாட்டன் கதை போல எனக்குச் சொன்னவர் அவர். இலைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கோரோவை நகத்தால் பிளந்து பாதியை நீட்டினார். முதல் கடி கசக்கும். பொறுத்து மென்றால், பிறகு குடிக்கும் தண்ணீர் இனிக்கும்.

பாபா இப்போது ஸிண்டரில் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. மகன் கானாவில், குமாசி நகரத்து ஸோங்கோவில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். சென்ற மாதம் அங்கிருந்து அழைத்து, தன் பிள்ளையைப் பேசச் சொன்னான். நான்கு வயது. அம்மா அசாந்தே. பின்னால் யாரோ ட்வி மொழியில் சத்தம் போடுவது கேட்டது. பிள்ளை போனை வாங்கி, "இனா க்வானா?" என்றது. ராத்திரி நன்றாகக் கழிந்ததா என்று கேட்கும் காலை வணக்கம். சென்னையில் அப்போது பிற்பகல் இரண்டு மணி, மேசையில் பாதி பிரித்த தோல் கட்டு.

"லாஃபியா லாவ்" என்றேன்.